எந்திர முகவருக்கு ஒரு பாயிரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் நகரங்களில் 'ஏஜென்ட்' என்றால் யாரென்று குழந்தைக்கும் தெரியும். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் காலணி நிறுவனத்துக்கும் இங்குள்ள தொழிற்சாலைக்கும் நடுவே நிற்பவர் அவர். ஆர்டர் அவர் வழியாக வருகிறது. மாதிரிக் காலணி அவர் வழியாகப் போகிறது. எந்தக் கொட்டகையில் மேற்பாகம் தைக்கப்படுகிறது, எந்த டேனரியில் தோல் முடிகிறது என்று வெளிநாட்டுக்காரர் நாள்தோறும் விசாரிப்பதில்லை. ஏஜென்ட் அறிந்திருந்தால் போதும்.

அண்மைய ஆண்டுகளில் இதே சொல் வேறொரு பொருளோடு நம் ஊர்களின் அலுவலக அறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் என்கிறார்கள். தமிழில் முகவர் எனலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், கட்டளைகளைத் தானே இயக்கி, கோப்புகளைத் தானே திருத்தி, விளைவைப் பார்த்து அடுத்த அடியைத் தானே தீர்மானிக்கும் மென்பொருள் அது. இத்தகைய முகவரின் கையில் ஒரு கருவியைக் கொடுக்கும்போது, அந்தக் கருவியைப் பற்றி எழுதித் தரும் ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இது கணினிக்காரர்களின் கவலை, இலக்கிய வாசகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் கேள்வி எழுத்தைப் பற்றியது. அதிலும், தமிழில் நூல் செய்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆழ யோசித்து வைத்த கேள்வி என்பது நம் எண்ணம்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுவோம். நம்மிடம் தமிழ் இலக்கியம் பயின்று, பின்னர் கணினிப் பக்கம் போன பழைய மாணவர் ஒருவர், காலணி மேற்பாகம் தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறார். அங்கே ஒரே சர்வரில் பல செயலிகள் ஓடுகின்றன. ஆர்டர் கணக்குக்கு ஒன்று, கிடங்கில் உள்ள தோல் இருப்புக்கு ஒன்று, கேட்டில் லாரி வருகையைப் பதிய ஒன்று, தொழிலாளர் வருகைக்கும் சம்பளத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு செயலியும் 'போர்ட்' எனப்படும் ஓர் எண்ணில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்கிறது.

போர்ட் என்பதை எண்ணிட்ட வாயில் என்று கொள்ளலாம். கணினியின் முகவரி ஒரு தெருவின் வீட்டு எண் என்றால், அந்த வீட்டுக்கு 0 முதல் 65535 வரை எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. 1023 வரையுள்ளவை பொதுப்பணிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இணையப் பக்கம் 80இல் வரும். மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் பக்கம் 443இல் வரும். இந்த எண்களைப் பங்கிட்டுத் தருவதற்கென்று உலகப் பொதுவான பதிவேடு ஒன்று உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த தாத்து இலோனன் 1995இல் தாம் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். நெறிமுறைக்கு ஓர் எண் வேண்டுமென்று பதிவேட்டைக் காத்துவந்தவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். 21உம் 23உம் ஏற்கெனவே பழைய நெறிமுறைகளுக்குப் போயிருந்தன. நடுவில் காலியாக இருந்த 22 மறுநாளே அவருக்குக் கிடைத்தது. எண்ணைக் கேட்டுப் பெறுவது, பெற்றதைப் பதிந்து வைப்பது என்ற ஒழுங்கின் மேல்தான் இணையம் நிற்கிறது.

ஒரு சர்வருக்குள் இந்த ஒழுங்கைக் காப்பது 'ரிவர்ஸ் பிராக்ஸி' என்னும் மென்பொருள். நம் ஊர் ஏஜென்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வெளியிலிருந்து வருபவர் எல்லாரும் 443ஆம் வாயிலில் நிற்கும் பிராக்ஸியிடமே வருவர். வந்தவர் கேட்ட பெயரைப் பார்த்து, ஆர்டர் என்றால் உள்ளே 3000க்கும், இருப்பு என்றால் 3001க்கும் அது அனுப்பிவைக்கும். பதிலை வாங்கித் தன் கையால் வெளியே தரும். உள்ளே எத்தனை கொட்டகை, எது எங்கே என்பது வெளியாருக்குத் தெரியாது. இப்பணிக்கு உலகெங்கும் பெரிதும் பயன்படுவது 'என்ஜின்எக்ஸ்' என்ற மென்பொருள்.

மாணவர் எழுதிய கருவி சிறியது. எந்தச் செயலிக்கு எந்தப் போர்ட் என்று ஒரு பதிவேட்டை வைத்திருக்கும். புதிய செயலி வந்தால் காலியான எண்ணை ஒதுக்கி, பிராக்ஸியின் அமைப்புக் கோப்பில் வேண்டிய வரிகளை எழுதி, கோப்பில் பிழையில்லை என்று சோதித்து, பிராக்ஸியை அதைப் புதிதாகப் படிக்க வைக்கும். இதுவரை அவரே கையால் இயக்கிவந்தார். இனி ஒரு முகவரிடம் ஒப்படைக்க நிர்வாகம் விரும்புகிறது. அதற்காக இரண்டு பக்கத்தில் ஓர் ஆவணம் எழுதி நம்மிடம் காட்டினார்.

"ஐயா, இதை மெஷின்தான் படிக்கப்போகிறது. நடை எப்படி இருந்தால் என்ன?" என்பது அவருடைய கேள்வி. படிப்பவர் எந்திரமாக இருப்பதாலேயே நடையின் பொறுப்பு கூடுகிறது என்பது நம்முடைய பதில். அந்தப் பதிலின் காரணங்களைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

மனிதர் படிக்கும் கருவிக் கையேட்டில் இடைவெளிகள் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞன் கையேட்டைப் படிக்கிறான். ஒரு வரி புரியவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கேட்கிறான். கேட்க வெட்கப்பட்டாலும், தெரியாத பொத்தானை அழுத்தப் பயப்படுகிறான். அந்த வெட்கமும் பயமும் சேர்ந்து ஆவணத்தின் ஓட்டைகளை அடைத்துவிடுகின்றன. மொழிமாதிரியின் இயல்பு வேறு. சொல்லப்படாத இடத்தில் பொதுவாக எது வருமோ அதைக் கொண்டு நிரப்பிக்கொண்டு அது மேலே போகும். நிரப்பியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் தவறாக இருக்கும் அந்த ஒருமுறை நம் கண்ணில் படுவதில்லை.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை ஓர் உதாரணத்தால் உடனே விளக்கலாம். பதனிடும் குறிப்புகளில் ரசாயனங்களின் அளவு எப்போதும் சதவீதத்தில் எழுதப்படும். குரோம் உப்பு 8 சதவீதம் என்று குறிப்பு சொன்னால், எதன் மேல் 8? பதனிடும் கட்டத்தில் அது சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய ஈரத்தோலின் எடைமேல். அதற்குப் பின்வரும் சாயம், கொழுப்பு ஆகியவற்றுக்கு அது ஷேவிங் முடிந்த தோலின் எடைமேல். இரண்டு எடைகளுக்கும் நடுவே பெரிய வேறுபாடு உண்டு. டிரம் அருகே பல ஆண்டு நின்ற டெக்னீஷியனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பல குறிப்புகளில் அது எழுதப்படுவதுமில்லை. எழுதாமல் விட்டதை அவருடைய கை அறியும்.

மாணவரின் ஆவணத்திலும் இதே வகையான ஒரு வரி இருந்தது. 'செயலியை 8080 போர்ட்டில் வை' என்று எழுதியிருந்தார். இன்று பெரும்பாலான செயலிகள் 'டாக்கர்' போன்ற பெட்டிகளுக்குள் அடைத்து ஓட்டப்படுகின்றன. பெட்டிக்கு உள்ளே ஒரு போர்ட் எண், வெளியே சர்வரில் ஒரு போர்ட் எண் என இரண்டு உண்டு. இரண்டையும் முக்காற்புள்ளியிட்டு அடுத்தடுத்து எழுதுவர். இடப்பக்கம் இருப்பது சர்வரின் எண், வலப்பக்கம் இருப்பது பெட்டிக்குள் இருக்கும் எண். 8080 என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கத்து 8080? எதன் மேல் 8 சதவீதம் என்ற கேள்விதான் இதுவும்.

இன்னொரு வரி அதைவிடக் கவலை தந்தது. 'சேவை எல்லாருக்கும் கிடைக்கும்படி செய்' என்று இருந்தது. தொழிற்சாலையில் உள்ள எல்லாப் பிரிவுக்கும் என்பது மாணவரின் கருத்து. கணினி வழக்கிலோ இந்த 'எல்லாருக்கும்' என்பதற்கு ஒரு தனி எண் உண்டு. ஒரு செயலியை 127.0.0.1 என்ற முகவரியில் உட்கார வைத்தால் அந்தக் கணினிக்குள் இருப்பவர் மட்டுமே அதைத் தொட முடியும்; பிராக்ஸி உள்ளேயே இருப்பதால் அதற்கு அது போதும். 0.0.0.0 என்ற முகவரியில் உட்கார வைத்தால் அந்தக் கணினியின் எல்லா வலைத் தொடர்புகளிலும் கதவு திறந்துவிடும். அப்போது பிராக்ஸியைச் சுற்றிக்கொண்டு யாரும் நேராக உள்ளே வரலாம். டாக்கர் பெட்டியில் முகவரியைக் குறிப்பிடாமல் விட்டால் இயல்பாக நிகழ்வது இந்த இரண்டாவதுதான். உபுண்டு சர்வர்களில் பலர் நம்பியிருக்கும் 'யு.எஃப்.டபிள்யூ' என்ற தடுப்புச் சுவரின் விதிகளும் அப்படித் திறந்த வாயிலைத் தடுப்பதில்லை.

திறந்துவிட்ட வாயிலுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி வண்டியில் வந்து தைப்பவர்கள். அவர்களுடைய பெயர், ஊர், சம்பளம், வங்கிக் கணக்கு, ஆதார் எண், விரல் ரேகை ஆகியவை ஒரு செயலிக்குள் இருக்கின்றன. 'எல்லாருக்கும்' என்ற ஒரு சொல்லின் மயக்கத்தால் அவர்கள் விவரம் தெருவுக்கு வரலாம். அந்த ஆவணத்தை எழுதியவருக்கோ படித்த முகவருக்கோ அதனால் ஓர் இழப்பும் இல்லை.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், அழகுகள் பத்து என்றும், உத்திகள் முப்பத்திரண்டு என்றும் வகுத்திருப்பதைத் தமிழ் படித்த வாசகர் அறிவர். வகுப்பில் மனப்பாடப் பகுதியாக நடத்தி, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பகுதி அது. மாணவரின் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குற்றங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது, பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி நேற்றைய மென்பொருள் கையேட்டுக்கு எழுதியதுபோல் பொருந்தின.

8080 எந்தப் பக்கத்தது என்று சொல்லாமல் விட்டது குன்றக் கூறல். 'எல்லாருக்கும்' என்றது மயங்க வைத்தல். ஓரிடத்தில் 'ஒதுக்கிய எண்ணை ஒருபோதும் மாற்றாதே' என்றும், இன்னோரிடத்தில் 'மோதல் வந்தால் வேறு எண் கொடு' என்றும் எழுதியிருந்தது மாறுகொளக் கூறல். மனிதர் இதைப் படித்தால் எது பொதுவிதி, எது விலக்கு என்று ஊகித்துக்கொள்வார். முகவரோ இன்று ஒன்றையும் நாளை மற்றொன்றையும் பின்பற்றக்கூடும். கருவியை ஏன் எழுத நேர்ந்தது என்ற வரலாறு அரைப் பக்கம் ஓடியது. அது மற்றொன்று விரித்தல். முகவரால் ஒரு நேரத்தில் மனத்தில் இருத்தக்கூடிய எழுத்தின் அளவுக்கு எல்லை உண்டு. ஆதலால் வேண்டாத சொல் இடத்தை அடைத்துக்கொள்வதோடு வேண்டிய சொல்லின் மேல் விழும் கவனத்தையும் குறைக்கிறது.

ஒற்றெழுத்தின் அருமை தமிழாசிரியர்களுக்குத் தெரியும். 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறான். 'வேலைக் கொடு' என்றால் வேல் கேட்கிறான். என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பிலும் இப்படி ஒரு குறி உண்டு. உள்ளே அனுப்ப வேண்டிய முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு இருந்தால், வந்தவர் கேட்ட பாதையின் முன்பகுதி வெட்டப்பட்டு மீதி மட்டும் உள்ளே போகும். சாய்கோடு இல்லாவிட்டால் முழுப்பாதையும் அப்படியே போகும். இரண்டும் பிழையற்ற வாக்கியங்களே. சோதனைக் கட்டளை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எது நம் கருத்து என்பதை ஆவணம் மட்டுமே சொல்ல முடியும்.

ஆவணம் எழுதுவதைக் கருவி செய்த பிறகு ஒட்டும் சீட்டாகக் கருதும் வழக்கம் கணினி உலகில் நெடுநாளாக உண்டு. அந்த நிலை இப்போது மாறிவருகிறது. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட், இணையதளங்கள் மொழிமாதிரிகள் படிப்பதற்கென்றே சுருக்கமான ஓர் எழுத்துக்கோப்பை வைக்கலாம் என்று முன்மொழிந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரோடும் தன்னைப் பற்றிய விளக்கத்தோடும் முகவரிடம் அறிமுகமாகிறது. அந்த விளக்கத்தைப் படித்துத்தான் இந்தக் கருவியை எடுப்பதா, வேண்டாமா, எப்படி எடுப்பது என்று முகவர் முடிவுசெய்கிறது. விளக்கத்தில் ஒரு சொல் மாறினால் செயல் மாறும். விளக்கம் கருவியின் உறுப்பாகிவிட்டது.

நம் மரபில் இதற்குச் சிறப்புப் பாயிரம் என்று பெயர். நூலின் முகப்பில் நின்று, ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தது, எல்லை எது, நுவலும் பொருள் எது, கேட்போர் யார், பயன் என்ன என்று சொல்வது அதன் வேலை. பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது நம் முன்னோர் கொள்கை. போர்ட் கருவியின் ஆவணத்துக்கும் இவையே வேண்டும். இதை எழுதியவர் யார், சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது. இது எந்த சர்வரோடு நிற்கும், எந்த எண் முதல் எந்த எண் வரை ஒதுக்கலாம். எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. எது நிகழ்ந்தால் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். இவற்றுள் மிக முக்கியமானது எல்லை. தொழில்நுட்ப ஆவணங்களில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் அதுதான். கருவி என்ன செய்யும் என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். என்ன செய்யாது, எங்கே நிற்க வேண்டும், எப்போது மனிதரிடம் கேட்க வேண்டும் என்பதை எழுதுவோர் சிலரே.

எல்லை என்ற சொல்லை வேலூர்ப் பகுதியில் இருந்துகொண்டு எழுதும்போது பாலாற்றை நினைக்காமல் இருக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்று. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்பதோடு முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் அது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று அறிவித்தது. அதில் நம் பேச்சுக்கு உரிய ஒரு கூறு உண்டு. கழிவை வெளியே விட்டால் தீங்கு வரும் என்று ஊர்மக்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கு வராது என்று நிரூபிக்கும் சுமை விடுபவருடையது என்றது தீர்ப்பு. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, அதே ஆற்றின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை திறந்துவிட்ட வாய் எத்தனை தலைமுறைக்கு மூடாமல் கிடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தச் சுமை விதியைப் போர்ட் ஆவணத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே நம் கட்சி. எல்லா வாயிலும் இயல்பாக மூடியிருக்கும். சேவை எல்லாம் 127.0.0.1இல் மட்டுமே உட்காரும்; வெளியே திறக்க விரும்பும் முகவர் ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதி ஒரு மனிதரின் ஒப்புதல் பெற வேண்டும். 'திறக்கக்கூடாதவை இவை' என்று பட்டியலிட்டால் பட்டியலில் இல்லாதவை திறந்துகொள்ளும். 'திறக்கலாம் என்பவை இவை மட்டுமே' என்று எழுதினால் மறந்தவை மூடியே இருக்கும்.

அதோடு, ஒவ்வொரு விதிக்கும் அருகில் அதன் காரணம் ஒரு வரியில் இருக்க வேண்டும். '3005ஐத் தொடாதே' என்று மட்டும் இருந்தால், அது பழைய குறிப்பு போலும் என்று முகவரும் நினைக்கலாம், பின்னால் வரும் மனிதரும் நினைக்கலாம். '3005ஐத் தொடாதே, சம்பளச் செயலி அங்கே இருக்கிறது, மாதக் கடைசியில் அது நின்றால் கூலி தாமதமாகும்' என்று இருந்தால் எழுதாத சூழ்நிலையிலும் விதி வழிகாட்டும். கோப்பைத் திருத்தியதும் சோதனைக் கட்டளையை ஓட்டு. சோதனை தவறினால் பழைய கோப்பைத் திரும்ப வை. இரண்டாம் முறையும் தவறினால் நிறுத்தி மனிதரை அழை என்று தோல்வியின் வழியையும் எழுத வேண்டும். குரோம் ஏறிவிட்டதா என்று தோலின் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டு, சுருங்கவில்லை என்று கண்ட பிறகே டிரம்மை இறக்குவார்கள். அத்தகைய ஒரு கொதிநீர்ச் சோதனை ஆவணத்தின் ஒவ்வொரு படிக்கும் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நல்ல ஆவணம் எழுதினால் மட்டும் முகவர் அதன்படி நடக்குமா? நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவர், எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று பயனர் தெளிவாகச் சொல்லியிருந்த வேளையில், அவருடைய நடப்புத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். சோதனைக்கான தரவையும் நடப்புத் தரவையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார். சொல்லால் மட்டும் பூட்ட முடியாத கதவுகள் உண்டு என்பதே இதன் பாடம். எண் எல்லையைத் தாண்டிய கோரிக்கையைக் கருவியே மறுக்க வேண்டும். சம்பளச் செயலியின் கோப்பைத் திருத்தும் உரிமையே முகவருக்கு இருக்கக்கூடாது. ஆனால் எந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று தெரிவது, எல்லையை ஒருமுறை எழுத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான். எழுதிப் பார்க்காத எல்லையை யாரும் பூட்டுவதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஆவணத்தையும் எந்திரமே எழுதிவிடாதா? எழுதும், நன்றாகவே எழுதும். கருவியின் நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடும். ஆனால் சம்பள நாளில் எதைத் தொடக்கூடாது என்பது நிரலில் இல்லை. அது தொழிற்சாலையில் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் வாழ்க்கையில் இருக்கிறது. அதை அறிந்தவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

அறிந்தவர் எந்த மொழியில் எழுதுவது? மாணவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கணினி ஆவணம் என்றாலே ஆங்கிலம் என்பது நம்மிடையே சட்டம்போல் ஆகிவிட்டது. என்ஜின்எக்ஸின் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. ரஷ்யாவின் இகோர் சிசோயேவ் 2004இல் அதை வெளியிட்டபோது ஆவணங்கள் ரஷ்ய மொழியில்தான் இருந்தன. மென்பொருள் நன்றாக இருந்ததால் பிற நாட்டவர் முயன்று மொழிபெயர்த்துக்கொண்டு படித்தனர். தம் மொழியில் எழுதியதால் அவருடைய மென்பொருள் உலகை அடையாமல் போய்விடவில்லை. தமிழிலும் இம்முயற்சி புதிதன்று. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழைச் சேர்ந்தவர்கள் லினக்ஸ் முதலான கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி, எவரும் பகிரும் உரிமையோடு வெளியிட்டுவருகிறார்கள்.

முகவர் தமிழும் படிக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கும் அளவு நுட்பமாகப் படிக்கிறதா என்றால், இன்றைய நிலையில் இல்லை. தமிழ் எழுத்து அதற்குக் கிடைத்திருப்பது குறைவு. ஆகவே முகவருக்கான பிரதி ஆங்கிலத்தில் இருப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு ஈடான தமிழ்ப் பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும். இரவு ஷிப்டில் சர்வர் நின்றுபோனால் முதலில் வந்து பார்ப்பவர் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீசியனாகவோ கணக்குப் பிரிவுப் பெண்ணாகவோ இருப்பார். முகவர் என்ன செய்தது, என்ன செய்ய அனுமதி இருந்தது என்று அவரால் படித்துப் புரிந்துகொள்ள முடியவேண்டும். தம் சம்பளக் கணக்கை ஆளும் விதி எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும் உரிமை அங்கே தைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. மனிதர் படிக்க முடியாத ஆவணத்தின்படி எந்திரம் நடந்தால், தவறு நேரும் நாளில் பொறுப்பேற்க எவரும் இருக்க மாட்டார்கள்.

தமிழ்த் துறைகளுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. கல்லூரிகளில் நன்னூல் நடத்துகிறோம். பக்கத்துக் கட்டடத்தில் கணினி அறிவியல் நடத்துகிறார்கள். இரு வகுப்பும் ஒருமுறையேனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கருவியின் ஆவணத்தை எழுதிப் பார்க்கலாம். கணினி மாணவர் கருவியைச் சொல்லட்டும்; தமிழ் மாணவர் ஒவ்வொரு வரியையும் பத்துக் குற்றங்களைக் கொண்டு சோதிக்கட்டும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை, கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அங்கு ஓடும் கருவிகளுள் ஒன்றையேனும் இப்படி எழுதினால், தமிழ் படித்தவருக்கு ஆசிரியர் வேலையைத் தவிர வேறு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடைக்கும்.

மாணவரின் ஆவணம் இப்போது இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. முதற்பத்தி எல்லையைச் சொல்கிறது. அடுத்தது திறக்கலாம் என்பவற்றின் பட்டியல். மொத்தம் ஐந்து எண்கள். 'எல்லாருக்கும்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தமிழ்ப் பிரதியைக் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மூன்றாவது எண் யாருடையது, இங்கே எழுதவில்லையே?" என்பது. அந்த வரியும் இப்போது சேர்ந்திருக்கிறது.